ஆப்ஷனில் 11 லட்சம் போனது, பழி மட்டும் ஊர் முழுக்க

நொய்யல்காரன் | 12 ஜூலை 2025, இரவு 10.14

வணக்கம். இது கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் கேள்வி. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

என் மனைவியின் தம்பி, வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், சம்பளம் 38 ஆயிரம், இரண்டு குழந்தைகள். போன வருடம் மே மாதம் வரை நிஃப்டி ஆப்ஷனில் (பங்குச் சந்தைக் குறியீடு குறித்த நாளுக்குள் ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிற ஆட்டம்) ஆயிரம் இரண்டாயிரம் என்று விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டு இருந்தான். 2024 ஜூன் 1 இரவு எக்சிட் போல் பார்த்தான். ஜூன் 3 திங்கட்கிழமை சந்தை எகிறியது, நிஃப்டி 23,263இல் முடிந்தது. அன்று மதியம் சுமார் 2 லட்சத்துக்கு 23,500 கால் வாங்கினான், அதாவது அந்த வாரமே நிஃப்டி 23,500ஐத் தாண்டும் என்று கட்டினான். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று பர்சனல் லோன், அப்புறம் மனைவியின் நகை 9 பவுன், அப்புறம் சீட்டுப் பணம். இந்த மே மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 11 லட்சத்துச் சொச்சம்.

பணம் போனதைவிட எனக்குத் தாங்க முடியாதது இவன் பேச்சுதான். முதலில் எக்சிட் போல் எடுத்தவன் மேல் பழி. அப்புறம் டிவிக்காரன். அப்புறம் டெலிகிராமில் டிப்ஸ் கொடுத்த ஆள். 'ஆப் தொங்கிடுச்சு மாமா, விற்க முடியல' என்று புரோக்கர் மேல். அவன் மனைவி அன்று காலை கேஸ் தீர்ந்துவிட்டது என்று போன் பண்ணினாளாம், அந்த டென்ஷனில் ஸ்டாப்லாஸ் (இவ்வளவு விழுந்தால் தானாக விற்றுவிடு என்கிற ஆர்டர்) போட மறந்தானாம், அதனால் அவள் மேல். நடுவில் ஏழரைச் சனி வந்து போனது.

இன்று அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஜேன் ஸ்ட்ரீட் செய்தியைக் காட்டுகிறான். அந்த அமெரிக்க டிரேடிங் நிறுவனம் நம் சந்தையை ஆட்டிவைத்து லாபம் பார்த்தது என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்ன செய்தி. 'பார்த்தீங்களா மாமா, 4,843 கோடி. நான் அப்பவே சொன்னேன்ல, ஆபரேட்டர்னு. செபியே சொல்லிட்டான்.' முகத்தில் என்னவொரு நிம்மதி! அத்தையும் 'எம்பையன் மேல தப்பில்லை' என்று ரசத்தை ஊற்றுகிறார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, மண் போட்டவன் யார் என்று தேடும் ஆட்களை எப்படிக் கையாள்வது? உங்கள் வீட்டில் இப்படி யாராவது உண்டா?

---

மழைக்காகம் | 12 ஜூலை, இரவு 10.51

நானும் ஆப்ஷன் ஆடுகிறவன்தான், மூன்று வருடமாக. அதனால் மச்சானைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

செபியின் ஜூலை 3 இடைக்கால உத்தரவு முக்கியமாகப் பேசுவது எக்ஸ்பைரி நாட்களை, அதாவது ஆப்ஷன் காலாவதியாகும் நாட்களைப் பற்றி. உதாரணத்துக்கு 2024 ஜனவரி 17. காலையில் வங்கிப் பங்குகளை வாங்கி, அவற்றின் குறியீடான பேங்க் நிஃப்டியைத் தூக்கிப் பிடித்தார்கள், ஆப்ஷனில் எதிர்ப்பக்கம் பெரிதாக நின்றார்கள், மதியத்துக்கு மேல் வாங்கியதை எல்லாம் விற்றுத் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த நிறுவனம் மறுக்கிறது, வழக்கு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். ஆனால் 2024 ஜூன் 4 செவ்வாய்க்கிழமை. அன்று நிஃப்டிக்கும் எக்ஸ்பைரி இல்லை, பேங்க் நிஃப்டிக்கும் இல்லை. அன்று சந்தையை விழவைத்தது ஓட்டுப்பெட்டி.

இன்னொன்று. ஜூன் 7 வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290க்கு வந்துவிட்டது. அதாவது மச்சான் வாங்கிய நாளின் அளவைத் தாண்டிவிட்டது. இதையும் அவர் சொல்லியிருப்பாரே, 'நான் நினைச்சது சரிதான், வியாழக்கிழமை எக்ஸ்பைரி வச்சதுதான் தப்பு' என்று? 23,500 காலை நடுவில் விற்காமல் வைத்திருந்தால், அந்த வியாழன் முடியும்போது நிஃப்டி 23,500க்கு மேல் நின்றால்தான் காசு. அதோடு தேர்தல் முடிவுக்கு முந்தைய நாள் எல்லோரும் பயத்தில் இருப்பதால் பிரீமியம், அதாவது ஆப்ஷனுக்குக் கொடுக்கும் காசு, யானை விலை. முடிவு நல்லபடி வந்திருந்தாலும் மறுநாள் அந்தப் பயம் இறங்கியதும் பிரீமியம் கரைந்திருக்கும். பொங்கலுக்கு முதல் நாள் கரும்பு வாங்குகிற மாதிரி.

---

நொய்யல்காரன் | 12 ஜூலை, இரவு 10.58

சொன்னான் சார், சொன்னான்! அதே வார்த்தை. 'டைரக்‌ஷன் கரெக்ட், டைமிங்தான்'. வீட்டில் ஒரு இருபது தடவை சொல்லியிருப்பான்.

---

ஓய்வு_ஈரோடு | 13 ஜூலை, காலை 5.40

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பாட்டி இதைத் தினம் ஒரு தடவையாவது யாரையாவது பார்த்துச் சொல்வார்.

2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி கவிழ்ந்தபோது நான் பணியில் இருந்தேன். ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சும் கொடுத்து மாதாமாதம் பணமும் தருவார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தார்கள். என்னிடமே மூன்று பேர் வந்து 'போடலாமா' என்று கேட்டார்கள். ஈமு கறியை யாராவது தின்று பார்த்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மூன்று பேரும் இல்லை என்றார்கள். மூன்று பேரும் போய்க் கட்டினார்கள். கவிழ்ந்த பிறகு அதில் ஒருவர் என்னிடம் வந்து, 'நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்' என்றார். இன்றுவரை கல்யாண வீட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பணத்தை நான் எடுத்த மாதிரி.

---

உப்புமா_கம்பெனி | 13 ஜூலை, காலை 8.22

பெரியவரே, ஈமுவில் ஏமாற்றியவன் ஒருவன் இருந்தான், ஜெயிலுக்கும் போனான். ஏமாந்தவர்களைப் பார்த்துப் பழமொழி சொல்வது சுலபம். நான் எதிர்ப்பக்கம் பேசப் போகிறேன், அடிக்க வராதீர்கள்.

போன செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஆடிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம். இந்த மாதம் வந்த புதுக் கணக்கில் 2024-25க்கு மட்டும் 1,05,603 கோடி. முந்தைய வருடத்தைவிட 41 சதவீதம் கூடுதல். மறுபக்கம், 2023-24இல் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு டிரேடர்கள் 33 ஆயிரம் கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28 ஆயிரம் கோடியும் லாபம் பார்த்தார்கள், செலவுகளைக் கழிக்காமல். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வைத்து.

93 பேர் வழுக்கி விழுகிற படிக்கட்டில், விழுந்தவன் காலில் மட்டும் கோளாறு தேடுவது நியாயமா? வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு எக்ஸ்பைரி வைத்தது யார்? ஸ்வைப் பண்ணினால் ஆர்டர் போகிற மாதிரி ஆப் செய்தது யார்? போன நவம்பரில் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு வார எக்ஸ்பைரி என்று செபியே குறைத்ததே, ஏன்? குற்றம் முழுக்க மச்சான் மேல் என்றால் அதைச் செய்திருக்க வேண்டியதில்லையே.

---

மழைக்காகம் | 13 ஜூலை, காலை 8.40

அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். தொடர்ந்து இரண்டு வருடம் நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அதற்குப் பிறகும் ஆடினார்கள். முதல் தடவை வழுக்கியது படிக்கட்டின் குற்றம், சரி. மூன்றாம் வருடமும் அதே படியில், அதுவும் கடன் வாங்கிக்கொண்டு ஏறினால்?

அதோடு 2023 ஜூலையிலிருந்து ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் ஆப்பில் ஒரு பெட்டி வரும்: பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம் என்று. கீழே 'புரிந்துகொண்டேன்' பட்டன். நான் அதை ஒரு நொடிகூடப் படித்ததில்லை. கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தில் நிற்கும். பெட்டி வருவதற்கு முன்பே விரல் அங்கே இருக்கும். என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

---

சைதை_சந்து | 13 ஜூலை, காலை 9.05

எங்கள் தெருவிலும் ஒருவர் உண்டு. வீட்டு வாசலில் மழைநீர் வடிகாலின் வாயை அடைத்து, கார் ஏற்றச் சரிவு கட்டினார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர் வீட்டுக்குள்தான் முதலில் தண்ணீர். முழங்கால் தண்ணீரில் நின்று மாநகராட்சியைத் திட்டினார். தண்ணீர் வடிந்ததும் சரிவைச் சிமெண்ட் போட்டு இன்னும் உயர்த்திவிட்டார்.

---

உப்புமா_கம்பெனி | 13 ஜூலை, காலை 9.11

மாநகராட்சியையும் திட்ட வேண்டியதுதானே ஐயா. சரிவு கட்டும்போது வந்து இடிக்காதது யார் தப்பு?

---

சைதை_சந்து | 13 ஜூலை, காலை 9.13

இடிக்க வந்தார்கள். கவுன்சிலரிடம் சொல்லித் திருப்பி அனுப்பியதும் அவர்தான். :)

---

கொலுசு | 13 ஜூலை, மதியம் 2.30

இந்த இழையை ஓசைப்படாமல் படித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்று போன் பண்ணியதால் ஸ்டாப்லாஸ் மறந்தது என்று படித்ததும் முடியவில்லை.

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள். என் கணவருக்கு ஆப்ஷன் இல்லை, ஆன்லைன் ரம்மி. ஆட்டம் வேறு, பேச்சு ஒன்றுதான். நகையை அடகு வைக்க பேங்குக்கு நானும் போக வேண்டும், என் பேரில் கணக்கு இருந்ததால். நகையை மதிப்பிடும் அப்ரைசர் ஒவ்வொன்றாக எடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார். என் வளைகாப்பு வளையலைத் தேய்த்தபோது கல்லில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. இவ்வளவு மெலிசாகவா என்று எனக்குத் தோன்றியது. எடை போட்டு, கல் வைத்ததுக்குக் கழித்து, துணிப்பையில் போட்டு அரக்கு வைத்தார்கள். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது இவர் சொன்னார்: 'உங்க அப்பா போட்டதில பாதி கல்லுதான். எடையே நிக்கல.'

அந்தப் பணமும் போன பிறகு சொன்னது: 'உன் வீட்டு நகைக்கு ராசியே இல்லை.'

நொய்யல்காரன் சார், உங்கள் மச்சானை எப்படிக் கையாள்வது என்று கேட்கிறீர்கள். அவர் மனைவியிடம் யாராவது பேசினீர்களா? 9 பவுன் அடகில் இருக்கிறது. போன வருடம் ஜூனில் பவுன் 53 ஆயிரம் பக்கம், இன்று 72 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அவள் கழுத்தில் சும்மா கிடந்திருந்தால்கூடச் சம்பாதித்திருக்கும்.

---

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்: 'நஷ்டத்தை 21 நாளில் மீட்டுத் தருகிறேன், வாட்ஸப்பில் வாருங்கள்' என்ற பதிவை நீக்கியிருக்கிறேன். நேற்றிலிருந்து இது மூன்றாவது. தயவுசெய்து யாரும் எண்ணைக் கேட்டுத் தனிமடல் அனுப்பாதீர்கள். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

---

வைகை_மனசு | 13 ஜூலை, மாலை 6.18

மதுரையில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். பாடம் நடத்த வரவில்லை, ஒரே ஒரு கேள்வி. ஜூன் 4க்கு முன்பு அவருக்கு லாபம் வந்த நாட்கள் இருக்கும் இல்லையா? அன்று யாருக்கு நன்றி சொன்னார்? டிவிக்காரனுக்கா, டெலிகிராம் ஆளுக்கா, சனி பகவானுக்கா?

லாபம் என் திறமை, நஷ்டம் அடுத்தவன் சதி என்று பிரித்து வைத்துக்கொள்வது எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான், எனக்கும் உண்டு. ஆனால் விட்டுவிட்டு ஜெயிக்கிற ஆட்டங்களில் அது விஷமாகிவிடும். ஏனென்றால் தோற்ற நாளில் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சம் இருக்காது. சதி ஓய்ந்தால் போதும், மறுபடி ஜெயிப்போம் என்றுதான் தோன்றும்.

இன்னொன்று, வெட்கம் அதிகம் உள்ளவர்கள்தான் அதிகமாகப் பழி போடுவார்கள். சபையில் வைத்து 'உன் தப்புதான்' என்றால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். தனியாக உட்கார வையுங்கள். பேச்சு வேண்டாம், காகிதம் போதும்.

---

நொய்யல்காரன் | 14 ஜூலை, இரவு 11.35

வைகை_மனசு சொன்னபடி செய்தேன். இன்று ஆபீஸ் விட்டு அவன் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். காகிதம் என்றால் கான்ட்ராக்ட் நோட், அன்றன்று வாங்கியது விற்றதற்குப் புரோக்கர் அனுப்பும் சீட்டு. தினமும் மெயிலில் வரும் பிடிஎஃப், பான் நம்பர் அடித்தால் திறக்கும். ஒரு வருடமாக ஒன்றைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை. எல்லாம் படிக்காத மெயிலாகத் தடித்த எழுத்தில் அடுக்கி நிற்கிறது.

ஜூன் 4 நோட்டைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் இருக்கிறது, நொடி வரைக்கும். ஆப் தொங்கியது என்றானே, பார்க்கலாம் என்று விரலை வைத்துக்கொண்டு வந்தேன். காலை 9.48, அதே கால் 10 லாட் (ஆப்ஷனைக் கட்டுக் கட்டாகத்தான் வாங்க முடியும், ஒரு கட்டு ஒரு லாட்). வாங்கியது, விற்றது இல்லை. 10.32, இன்னும் 15 லாட். வாங்கியது. 11.56, இன்னும் 20 லாட். விலை குறைந்துவிட்டது, இன்னும் வாங்கிச் சராசரி விலையை இறக்கி ஆவரேஜ் பண்ணலாம் என்று மூன்று தடவை வாங்கியிருக்கிறான். நாள் முழுக்க ஒரு விற்பனை ஆர்டர்கூட இல்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. அவன் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தான். கீழே குழந்தை 'அப்பா' என்று கூப்பிட்டது, பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'வாங்கும்போது மட்டும் ஆப் வேலை செஞ்சிருக்கு மாமா' என்றான். ஜோக் அடிக்கிறானா அழுகிறானா என்று இருட்டில் தெரியவில்லை.

சரி, இறங்கி வருகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டான், 'இந்தக் கணக்கை யாரால ஓப்பன் பண்ணேன்னு யோசிச்சீங்களா மாமா?'

---

உப்புமா_கம்பெனி | 15 ஜூலை, காலை 7.02

முதல் நாளிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். கேட்டால் சண்டைக்கு வருவீர்களோ என்று விட்டேன். அவருக்கு டீமேட் (பங்குக்) கணக்கு யார் திறந்து கொடுத்தது?

---

நொய்யல்காரன் | 15 ஜூலை, இரவு 9.47

நான்தான்.

2021இல் எல்லோரும் வீட்டில் இருந்த காலம். என் ரெஃபரல் லிங்க் அனுப்பினேன். அவன் ஷேர் வாங்கி வைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன், ஆப்ஷன் ஆடச் சொல்லவில்லை. ஆனால் ஆப்ஷன் பிரிவைத் திறக்க ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டபோது, அதை எப்படி பிடிஎஃப் ஆக்கி ஏற்றுவது என்று போனில் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். 2023 தீபாவளி சமயம்.

முதல் பதிவில் இதை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். மறந்துபோகவில்லை. எழுதி, அழித்துவிட்டேன்.

---

ஓய்வு_ஈரோடு | 16 ஜூலை, காலை 5.35

அந்த லிங்கில் உங்களுக்கு ஏதும் வந்ததா தம்பி?

---

நொய்யல்காரன் | 16 ஜூலை, இரவு 10.20

இன்றுதான் கணக்குப் பார்த்தேன் ஐயா. ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு. அதில் பத்து சதவீதம், 2 ரூபாய், என் கணக்கில் சேரும். இதுவரை 6,140 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதாவது என் மச்சான் 3,070 ஆர்டர் போட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் எனக்கு 2 ரூபாய்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: 'உங்களுக்கு யாரு லிங்க் அனுப்பினது?' ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தெம்பாக இருந்தது.

---

மழைக்காகம் | 16 ஜூலை, இரவு 10.24

ஹாஹா, பக்கத்து சீட்டுக்காரருக்கு யார் அனுப்பினார்களாம்?

---

கொலுசு | 17 ஜூலை, மதியம் 1.15

சிரித்தது போதும். ஆப்ஷன் பிரிவை மூடச் சொல்லுங்கள். ஆப்பில் அமைப்புகளுக்குள் போனால் அந்தப் பிரிவை மட்டும் அணைக்க வழி இருக்கும். அப்படியே நகைக்கடன் ரசீதை வாங்கிப் பார்த்து, தவணை எப்போது என்று குறித்து வையுங்கள். வருடம் முடிந்து வட்டி கட்டிப் புதுப்பிக்காவிட்டால் பேங்கிலிருந்து ஏல நோட்டீஸ்தான் வரும். எனக்கு வந்தது. ரசீதை அவர் கொடுக்க மாட்டார், அவளிடம் கேளுங்கள்.

---

நொய்யல்காரன் | 20 ஜூலை, மாலை 7.50

இன்று ஞாயிறு, குடும்பத்தோடு போய்விட்டு வந்தோம்.

ஆப்ஷன் பிரிவை அவனே அணைத்தான், என் கண் முன்னால். 'உறுதியா' என்று ஆப் இரண்டு தடவை கேட்டது. வாங்கும்போது ஒரு தடவைகூட இப்படிக் கேட்டதில்லை என்றான். இந்த இடத்தில் உப்புமா_கம்பெனி கட்சிக்கு நானும் வந்துவிடுகிறேன்.

ரசீது தங்கச்சியிடம்தான், அதாவது மச்சான் மனைவியிடம்தான் இருந்தது, அரிசி டப்பாவுக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில். தவணை ஆகஸ்ட் 9. வட்டி எவ்வளவு என்று அவள் ஏற்கெனவே ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டு வைத்திருக்கிறாள். இரண்டு மாதமாக ஒரு டெய்லரிங் யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போகிறாளாம். எங்களுக்கு யாருக்கும் தெரியாது.

6,140 ரூபாயை அவள் கையில் கொடுத்தேன். என்ன பணம் என்று சொன்னேன், மறைக்கவில்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. எண்ணிப் பார்த்து, காலண்டர் தாளில் கழித்து எழுதி, மீதியை அடிக்கோடு போட்டாள்.

மச்சான் எட்டிப் பார்த்தான். 'அந்த அப்ரைசர் எடையைக் குறைச்சுப் போட்டுட்டான் மாமா, இல்லைன்னா இன்னும் நாற்பதாயிரம் சேர்த்துக் கிடைச்சிருக்கும்' என்றான்.